சூளைத் தமிழ்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அம்மாவின் கையைப் பிடித்து முறுக்கினாள். அம்மா சோறு வடித்துவிட்டு, ஆவி பறக்கிற கஞ்சிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு, எப்போதும்போலப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்க்கப் போனாள். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த அண்ணி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தாள். அம்மா உதறினாள். அண்ணி விடவில்லை. இருவருக்கும் நடுவில் குண்டான் சாய்ந்து, கஞ்சி அண்ணியின் புறங்காலில் கொட்டியது. தோல் வெந்து வெளுத்ததை நான் பார்த்தேன். அவள் காலைப் பார்க்கவில்லை. குண்டானின் அடியில் மிஞ்சியதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் முகத்துக்கு நேராக, "கைய எட்றி" என்றாள்.

மாமியாரைப் பார்த்து "எட்றி" என்று சொன்ன மருமகளை எங்கள் தெரு அதற்கு முன் கண்டதில்லை. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அன்று பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். அண்ணன் நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டினான். அண்ணி அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். "பேஜ" என்றாள். அவள் ஊரில் அதற்கு அதுதான் பெயர். பஞ்ச காலத்தில் சோறு வேலைக்குப் போகிறவர்களுக்கு, பேஜ பிள்ளைகளுக்கு. சோறு தின்கிற முறை வருவதற்கு முன்பே அவளுடைய தங்கை ஒருத்தி செத்துப்போனாளாம். இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது பல மாதம் கழித்து. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், காலில் கொப்புளம் கட்டிய ஒருத்தி அதைக் கவனிக்காமல் டம்ளரை விரலால் வழித்து நக்குகிறாள் என்பதுதான்.

அண்ணி தமிழ் கற்றுக்கொண்டது வாலாஜாபாத்துக்கு அப்பால் ஒரு செங்கல் சூளையில். ஒடிசாவின் மேற்கே, மழை பொய்த்தால் மண்ணைத் தவிர ஒன்றும் மிஞ்சாத ஒரு மாவட்டம் அவளுடையது. அறுவடை முடிந்த கையோடு அங்கிருந்து குடும்பம் குடும்பமாக ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். வந்தவர்கள் அடுத்த மழைவரை ஊர் திரும்ப முடியாது. பாவாடை கட்டுகிற வயதில் அப்பா அம்மாவோடு வந்து, களிமண்ணைக் குழைத்து அச்சில் அறைந்து கல் அறுத்தவள் அவள். அங்கே அவள் காதில் விழுந்த தமிழ் மொத்தமும் மேஸ்திரியின் தமிழ். தூக்குடி, போடுடி, கைய எட்றி, இன்னாடி பாக்கற, ஒத வாங்குவ. ஒருமுறை அவளுடைய அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியவில்லை. ஊருக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டியவரை மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிவைத்து பெல்ட்டால் அடித்தார்கள். சுற்றியிருந்தவர்கள் தலை நிமிராமல் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் அறுத்தாள். முதுகில் அடி விழுகிற சத்தமும் களிமண்ணை அச்சில் அறைகிற சத்தமும் ஒரே மாதிரி இருந்தன என்று அவள் சொன்னபோது, நான் கேட்டுக்கொண்டிருந்த இடத்தை விட்டு எழுந்து போய்விட்டேன். ஊர் திரும்பிய பிறகு அவர் ரத்தம் கக்கி, அடுத்த சூளைப் பருவத்துக்கு முன்பே இறந்துபோனார்.

வளர்ந்ததும் அவள் சூளையை விட்டு வெளியே வந்து ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தாள். அதே கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் அண்ணனுக்கு வேலை. அவன் மறுபடி மறுபடி சாம்பார் கேட்டு வந்து நின்றபோது, "எவ்ளோடா துன்னுவ நீ" என்று கரண்டியை ஓங்கினாளாம். அண்ணன் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டான். கல்யாணத்துக்குப் பிறகு நான்தான் அவளுக்கு வாங்க, போங்க, சாப்பிடுங்க எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவள் சொன்னாள்: "எங்க பாஷைலயும் மரியாத கீது, பொண்ணு. தமிழ்ல கீதுன்னு எனக்கு யாரும் காட்டல." அதற்குப் பிறகு அம்மாவை "அத்தை, வாங்க" என்றாள். தெருவில் எல்லோரையும் வாங்க போங்க என்றாள். அண்ணனை மட்டும் வாடா போடா என்பதை விடவில்லை. அவனுக்கும் அதுதான் பிடித்திருந்தது.

எங்களை நாங்கள் ஏழை என்றுதான் நினைத்திருந்தோம். மண்ணூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். அப்பா பயிர் வைத்த நிலம் கம்பெனிக்குப் போனது. வந்த பணம் குடியில் போனது, பிறகு அப்பாவும் போனார். மிஞ்சியது ஓட்டு வீடு ஒன்று. எந்தப் பேச்சையும் "நம்ப மாரி இல்லாதப்பட்டவங்க" என்று ஆரம்பிப்பது அம்மாவின் பழக்கம். அண்ணிக்கு அந்தப் பேச்சு விளங்கவே இல்லை. வந்த புதிதில் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ரேஷனில் அரிசி சும்மா போடுகிறார்கள். அரசாங்கம் கொடுத்த மிக்ஸி சமையல்கட்டில் இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காய்ச்சல் என்றால் கூப்பிடு தூரத்தில் நர்ஸ் இருக்கிறாள். அவளுக்குப் பெண் பிறந்து, அது அங்கன்வாடிக்குப் போய், கொடுத்த முட்டையைத் தின்னாமல் கையில் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, அண்ணி அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள்.

"அத்தை, உங்க ஊர்ல ஏழைங்க எங்க கீறாங்க?"

அம்மாவுக்குச் சுருக்கென்றது. "ஏன், நாங்க இன்னா மாடி வூடு கட்டிக்கினா கீறோம்?"

"வந்ததுலர்ந்து தேடறேன். ஒருத்தரையும் காணோம்" என்றாள் அண்ணி. அவள் கிண்டல் செய்யவில்லை. அது அம்மாவுக்கும் தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த இந்தியாவைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதில் அவள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் என் ஒரு சாண் தூரம்கூட இருக்காது.

அண்ணியின் தம்பி வந்த வருடம் அவர்கள் ஊரில் விதைத்தது முளைக்கவே இல்லை. ஒரகடத்துக் கான்ட்ராக்டர் ஒருவர் அந்த மாவட்டத்துக்கே ஏஜென்ட்டை அனுப்பி இளைஞர்களை ஒரு பஸ் நிறையத் திரட்டிக்கொண்டு வந்தார். ஏரிக்கரையை ஒட்டி ஒரு நீளமான தகர ஷெட்டில் அத்தனை பேரையும் தங்கவைத்தார். அவர்களில் ஒருவனாகத் தம்பியும் வந்தான். ஒல்லியான பையன், சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வான். அண்ணன் அவனை "மச்சான், மச்சான்" என்று தலையில் தூக்கிவைத்து ஆடினான். லீவு நாளில் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்ப் பரோட்டா வாங்கிக்கொடுத்தான், காலியாகக் கிடந்த பிளாட்டில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து விழுந்து, முட்டியில் சிராய்ப்போடு சிரித்துக்கொண்டே வந்து நின்ற ஒரு மத்தியானம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அவனை இந்திக்காரன் என்றார்கள். "அவனுக்கு இந்தி வராது, அவன் ஒடியா" என்று திருத்தித் திருத்தி அண்ணன் சலித்துப்போனான்.

பிரஸ் ஷாப்பில், தகட்டை அச்சில் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டால் மேலிருந்து இரும்பு இறங்கும். இழுக்கப் பிந்தினால் விரல் தகட்டோடு போகும். அண்ணனோடு சேர்ந்தவர்களில் பத்து விரலும் முழுசாக இருந்தவர்கள் குறைவு. அண்ணனுக்கு இருந்தது. அதில் அவனுக்குப் பெருமை. ஒரு திங்கட்கிழமை காலை, அவனையும் அவனைப்போன்ற உள்ளூர் கான்ட்ராக்ட் ஆட்களையும் கேட்டிலேயே நிறுத்தி, இனி வர வேண்டாம் என்றார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. அதே வேலையைக் குறைந்த கூலிக்கு, லீவு கேட்காமல், ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் செய்வதற்கு ஆள் வந்து ஷெட்டில் உட்கார்ந்திருந்தது. அண்ணனுடைய மெஷினில் நிற்பது யார் என்பது மட்டும் தெரியாமலிருந்தது. அதையும் அடுத்த லீவு நாளில் தம்பியே வந்து சொன்னான். ஒன்றும் அறியாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்கு முன்னால் போனை நீட்டி, ஹெல்மெட்டோடு மெஷின் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைக் காட்டினான். அண்ணன் அதைப் பார்த்தான். பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்தான். அதற்குப் பிறகு மச்சான் என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன், என் சோற்றை உன் தம்பி தின்கிறான் என்று அண்ணியிடம் சொன்னான். அவன் தின்னாவிட்டால் தன் அம்மா தின்னமாட்டாள் என்று அண்ணி சொன்னாள். அண்ணன் அவளை அறைந்தான், முதல் தடவையாக. அவள் திருப்பி அறைந்தாள். குழந்தை வீறிட்டது. அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். வேலை போனவர்கள் அதன் பிறகு தினமும் டீக்கடையில் கூடினார்கள். டீக்கடைப் பேச்சு ஒயின்ஷாப்புக்கு நகர்ந்தது. அண்ணனும் அவர்களோடு இருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஷெட் ஆள் ஒருவன் நம்மூர்ப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துவிட்டான் என்று ஒரு செய்தி கிளம்பியது. எந்தப் பெண், எந்தத் தெரு, யாருக்கும் தெரியாது. நான் அப்போதுதான் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்திருந்தேன். பொழுது இன்னும் வெளிச்சமாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, கட்டையும் ராடுமாக ஆட்கள் ஏரிக்கரைப் பக்கம் போகிறார்கள் என்றாள். அண்ணி குழந்தையை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடினேன். கருவேல முள் காலில் ஏறியதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

முதலில் கேட்டது தகரத்தின் சத்தம். சவுக்குக் கட்டைகளால் ஷெட்டின் நான்கு பக்கமும் அடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்ததும் அவர்களை அடித்தார்கள். குளித்துக்கொண்டிருந்த ஒருவனை, தலையில் சோப்பு நுரையோடு காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். வெந்துகொண்டிருந்த சோற்றுப் பானையை யாரோ உதைக்க, புழுதியில் வெள்ளையாகச் சோறு சிதறி, அதன்மேல் ஆட்கள் மிதித்து ஓடினார்கள். சிலர் சற்றுத் தள்ளி நின்று போனில் படம் பிடித்தார்கள். அடித்தவர்களில் பலரை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனி பஸ்ஸை முன்பு ஓட்டியவர் இருந்தார். கோயில் திருவிழாவில் கூழ் ஊற்றுகிறவர் இருந்தார். அவர்கள் முகத்தில் வெறிகூட இல்லை. களத்தில் கதிர் அடிக்கிறவர்களைப்போல, மூச்சு வாங்கிக்கொண்டு, வேலையாக அடித்தார்கள். தம்பி சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தான். காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவனுக்கு இரண்டு எட்டுத் தள்ளி, கையில் சவுக்குக் கட்டையோடு அண்ணன் நின்றிருந்தான்.

அண்ணி கத்தினாள். "கைய எட்றா. எட்றா கைய. ஒத வாங்குவ." அது நான் வீட்டில் கேட்டிருந்த குரல் இல்லை. சூளை மேஸ்திரியின் குரல் அவள் தொண்டையிலிருந்து அப்படியே வந்தது. அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிஜமாகவே கையை நிறுத்தித் திரும்பினார்கள். அந்தக் கணத்துக்குள் அவள், கக்கூஸ் கட்டுவதற்காகக் குவித்திருந்த செங்கல்லில் ஒன்றை எடுத்து முதலில் இருந்தவனின் தாடையில் வீசினாள். அடுத்ததை இன்னொருவனின் முட்டியில். அவள் குறி தப்பவில்லை. கூட்டம் கலைந்து பின்வாங்கியது. மூன்றாவது கல்லை வீசாமல் கையில் வைத்துக்கொண்டு அண்ணனிடம் நடந்து போனாள்.

"இவன் இங்க இருப்பான்னு நா நெனைக்கல. இவனுக்கு செகண்ட் ஷிப்ட்டு" என்றான் அண்ணன். தான் அவனை அடிக்கவில்லை என்றான். மிரட்டத்தான் வந்தோம் என்றான். அவன் சொல்லி முடிக்கிறவரை அண்ணி பொறுமையாகக் கேட்டாள். பிறகு அந்தக் கல்லை இரண்டு கையாலும் ஓங்கி அவன் தோளில் இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணன் கத்தவில்லை. களைத்தவனைப்போல அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவள் அவனைத் தாண்டிப் போய்த் தம்பியின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போலீஸ் வந்தபோது முதலில் வேனில் ஏற்றியது அடிபட்டவர்களைத்தான். பாதுகாப்புக்கு என்றார்கள். அண்ணியையும் இந்திக்காரி என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். இது எங்க அண்ணி, எங்க வீட்டு மனுஷி என்று நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது.

தம்பி கண் விழிக்கவே இல்லை. பெரியாஸ்பத்திரி வார்டில் அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பகல், தோளில் கட்டோடு அண்ணன் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். எனக்குப் பதறியது, இவள் என்ன செய்யப்போகிறாளோ என்று. அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க" என்றாள். "உக்காருங்க." நான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு, பிசகில்லாமல். அண்ணன் உட்காரவில்லை. பிறகு வெளியே போய், நோயாளிகளின் ஆட்கள் படுத்துக் கிடக்கிற வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதான். அன்றிலிருந்து இன்றுவரை அவள் அவனை வாடா என்று சொல்லவில்லை.

தம்பி செத்ததும் கேஸ் கொலைக் கேஸாக மாறியது. யார் அடியில் உயிர் போனது என்று யாருக்கும் தெரியாது. யாரெல்லாம் நின்றார்கள் என்று ஊருக்கே தெரியும், ஆனால் ஊர் வாய் திறக்கவில்லை. அம்மா அண்ணியின் காலைப் பிடித்தாள். புருஷனைக் காட்டிக்கொடுத்துவிட்டு எந்த வீட்டில் இருப்பாய் என்று முதலில் மிரட்டினாள், பிறகு கெஞ்சினாள், பிறகு மார்பில் அடித்துக்கொண்டாள். அண்ணி அவளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "சூளைல எங்கப்பாவ அடிச்சப்போ அத்தினி பேரு பாத்தாங்க அத்தை. நானும் பாத்தேன். ஒருத்தரும் சொல்லல" என்றாள். அதோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்த அத்தனை பெயரையும் சொன்னாள். அண்ணன் பெயரையும் சொன்னாள். அவன் தோளைத் தான் உடைத்ததையும் சொன்னாள். நானும் கூடப் போய், கண்டதைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போன அன்று அம்மா எங்கள் இருவருக்கும் சேர்த்து மண்ணை வாரித் தூற்றினாள்.

உடம்பை ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. கான்ட்ராக்டரின் போன் அணைந்து கிடந்தது. இங்கேயே எரித்து, சாம்பலை ஒரு கலயத்தில் கட்டி எடுத்துக்கொண்டு நானும் அண்ணியும் ரயிலேறினோம். ரயில் மாறி, பஸ் மாறி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து வெயிலில் வெகுதூரம் நடந்தோம். வழியில் கால்வாய் ஒன்றைக் கடந்தோம், அதில் தண்ணீர் ஓடிய அடையாளமே இல்லை. ஊருக்குள் பாதி வீடுகளின் வாசலில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். சூளைக்குப் போனவர்களின் வீடுகள் என்றாள் அண்ணி. கிழவர்களும் சின்னப் பிள்ளைகளும் மட்டும் இருந்தார்கள். பிள்ளைகளின் தலைமுடி செம்பட்டையாக இருந்தது, வெயிலால் என்று நினைத்தேன். சாப்பாடு இல்லாததால் என்று அண்ணி சொன்னாள். அடிபம்பில் தண்ணீர் துருவோடு வந்தது. நர்ஸ் இருக்கிற ஊருக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் பாதியில் நின்றிருந்தது. எங்கள் ஊரில் ஒரு கம்பெனி கேட்டுக்குப் பூச்செடி வைக்கிற இடம் அளவுக்கு இருந்தது அவர்கள் வீடு. நான் அதற்குள் குனிந்து நுழைந்தபோது, எங்களை ஏழை என்று சொல்லிக்கொண்டு வளர்ந்ததற்காக அல்ல, அதை இவள் முன்னால் சொன்னதற்காக எனக்கு உடம்பு கூசியது.

அண்ணியின் அம்மா கலயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தரையில் நெற்றியை மோதி மோதி அழுதாள். நெற்றி கிழிந்து ரத்தம் மூக்கில் இறங்கியது. அவளைப் பிடித்து நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. மருமகன் ஜெயிலில் இருப்பதையும் ஏன் இருக்கிறான் என்பதையும் அண்ணி மறைக்கவில்லை. என்னைக் காட்டி, அவனுடைய தங்கை என்றும் சொல்லியிருக்க வேண்டும். அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் அடிக்குத் தயாராக இருந்தேன். அவள் எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். பொழுது சாய்கிற நேரத்தில், கலயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அண்ணியிடம் தணிந்த குரலில் ஒன்று கேட்டாள். மறுபடியும் கேட்டாள். கடைசிப் பிள்ளை, அரும்பு மீசை வைத்தவன், கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா சொல்றாங்க அண்ணி?"

"அந்த மெஷின்ல இப்ப யார்னா நிக்கறாங்களான்னு கேக்குது" என்றாள் அண்ணி. "காலியா இருந்தா சின்னவன அனுப்பட்டுமான்னு கேக்குது."

நான் அந்த அம்மாவைக் கல்மனசுக்காரி என்று நினைக்கவில்லை. நெற்றியில் ரத்தம் காயாமல்தான் அவள் அதைக் கேட்டாள். திரும்பி வரும்போது, நாங்கள் பஸ் ஏறிய இடத்தில் ஒரு கூட்டம் மூட்டைகளோடு காத்திருந்தது. எங்கே போகிறார்கள் என்று அண்ணி கேட்டாள். ஒருவன் சிரித்துக்கொண்டு சொன்ன ஊர்ப்பெயர் எனக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது. ஒரகடம் என்றான்.

இதெல்லாம் நடந்து சில வருடம் ஆகிவிட்டது. கேஸ் நடக்கிறது. அண்ணன் ஜாமீனில் வெளியே வந்தான். கொலைக் கேஸ் உள்ளவனை எந்த கம்பெனியும் கேட்டுக்குள் விடவில்லை. தெரிந்தவர்கள் மூலம் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போய், வாய்தாவுக்கு வாய்தா வந்து போகிறான். எங்கள் வீட்டில் தங்குவதில்லை. ஒருநாள் எனக்கு போன் செய்து, அங்கே தமிழ் ஆட்களை மட்டமாகப் பாண்டி என்று கூப்பிடுகிறார்கள் என்றான். உள்ளூர் ஆட்கள் டீக்கடையில் நின்று முறைக்கிறார்களாம், இவர்கள் வந்ததால்தான் தங்கள் கூலி குறைந்துபோயிற்று என்று. "இத அவகிட்ட சொல்லாத" என்று சொல்லி வைத்துவிட்டான். நான் சொல்லவில்லை. அம்மாவும் அண்ணியும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். குழந்தைக்காக இருக்கிறேன் என்று இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருவருக்கும் பேச்சு கிடையாது. சோறு வடிக்கிறவள் ஒருத்தி, குழம்பு வைக்கிறவள் இன்னொருத்தி, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு காலையில் அண்ணிக்கு போன் வந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அவளுடைய கடைசித் தம்பி வந்து இறங்கியிருந்தான். வராதே, வந்தால் காலை உடைப்பேன் என்று அவள் இத்தனை வருடமாகத் தடுத்துவைத்திருந்தவன். ஷேர் ஆட்டோ பிடித்து இரண்டு பேரும் போனோம். கம்பெனிகளுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில், பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அரும்பு மீசை முறுக்கு மீசையாகியிருந்தது. அக்கா காலைத் தொடக் குனிந்தவனை அவள் முடியைப் பிடித்து நிமிர்த்தி, கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தடுக்கவில்லை. உதடு கிழிந்த வாயோடு ஏதோ சொன்னான். அண்ணியின் கை இறங்கிவிட்டது.

"அம்மா அனுப்பலையாம்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அம்மா போய் ஒரு மாசம் ஆச்சாம். போன்ல சொல்ல வேணாம்னு வந்துகீறான்."

ஸ்டேஷன் வாசலிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் ஆட்டோ பேசி இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா வாசலில் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் அவளுக்கு யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. செத்தவனின் முகம் இவனிடம் அப்படியே இருந்தது. கிழிந்த உதட்டைப் பார்த்தாள், அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். நிலைப்படியிலிருந்து நகராமல் வெகுநேரம் நின்றாள். இவள் இப்போது இவனை விரட்டுவாள், இன்றோடு இந்த வீடு உடையும் என்று நினைத்தேன். அம்மா உள்ளே போனாள். தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, கொண்டுவந்து அவன் முன்னால் தரையில் வைத்தாள்.

அவன் தொடவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

"துன்ன சொல்லு" என்றாள் அம்மா. அவள் அண்ணியிடம் பேசி வருடங்களாகியிருந்தன. பிறகு குரலை இறக்கி, "அவங்க பாஷைல எப்டி சொல்றது?" என்று கேட்டாள்.

அண்ணி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கா."

அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். அமாவாசைக்கு அமாவாசை மதில்மேல் சோறு வைத்துவிட்டு அவள் கூப்பிடுகிற சொல் அது. எங்கள் வீட்டில் அதைச் சொல்லி இதுவரை சாப்பிடக் கூப்பிட்டதெல்லாம் செத்தவர்களைத்தான். அம்மா அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். தட்டை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"கா" என்றாள்.

அவன் சாப்பிட ஆரம்பித்தான்.